‘காத்திருக்கிறவர்கள்’ என்றால் திங்கட்கிழமை காலையில் என்ன செய்ய?

பொருநைக்கரை (கேள்வி):

எங்கள் சேகரத்து (சபை வட்டாரத்து) பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இந்த மாதத் தியானம் ஏசாயா 40:31: “கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள்; அவர்கள் ஓடினாலும் இளைப்படையார்கள், நடந்தாலும் சோர்ந்துபோகார்கள்.” வருகிறவர்களில் பலர் பீடி சுற்றுகிறவர்கள். சிலர் வாதத்தில் படுத்துவிட்ட மாமியாரையோ கணவரையோ வருஷக்கணக்காகப் பார்க்கிறவர்கள். வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால், ‘காத்திரு’ என்றால் எதைச் செய்வது? ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, அது பாவமோ என்கிற பயம் வேறு. புதுப்பெலனுக்காக மூன்று நாள் உபவாச ஜெபம் வைக்கலாம் என்று சங்கத்தில் ஒரு யோசனை ஓடுகிறது. கழுகு 40 வயதில் அலகை உடைத்துப் புதுப்பித்துக்கொள்ளும் கதையையும் செய்தியில் சேர்க்கச் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களக்காட்டான்:

முதலில் அந்தக் கழுகுக் கதையை விட்டுவிடுங்கள் அக்கா. எத்தனை மேடையில் கேட்டிருந்தாலும் அது நிஜம் இல்லை. அலகு நம் நகம் மாதிரி வளர்ந்து தேய்ந்துகொண்டே இருக்கும். இறகு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து முளைக்கும். அலகை உடைத்துக்கொண்டு மாசக்கணக்கில் மலையில் உட்கார்ந்தால் பட்டினியில் செத்துப்போகும். அதைவிட மோசம், ‘உன்னை நீயே பிய்த்துக்கொள், அப்போதுதான் பெலன்’ என்று அந்தக் கதை சொல்கிறது. வசனம் சொல்வது அதற்கு நேர் எதிர்: சோர்ந்துபோகிறவனுக்கு *அவர்* கொடுக்கிறார் (40:29).

உதாரணம் வேண்டுமானால் நம் தேரிக்காட்டுக்கு மேலே சுற்றுகிற பருந்தைக் காட்டுங்கள். விடியற்காலையில் அது அவ்வளவு உயரத்தில் இருக்காது. பொழுது ஏறி, செம்மண் காய்ந்து, சூட்டுக்காற்று மேலே கிளம்பிய பிறகு அதில் சிறகை விரித்துக்கொண்டு வட்டமிட்டு ஏறும். சிறகடிப்பது கொஞ்சம், ஏற்றிவிடுவது காற்று.

வரிசையையும் கவனியுங்கள். பறத்தல், ஓடுதல், கடைசியில் நடத்தல். நாம் முடிக்கிற இடத்தில் வசனம் முடிவதில்லை, இறங்கி நடையில் வந்து நிற்கிறது. பாபிலோன் சிறையிருப்பில், “என் வழி கர்த்தருக்கு மறைவாயிற்று” என்று புலம்பிய ஜனத்துக்குச் (40:27) சொன்ன வார்த்தை இது. சோர்ந்துபோகாமல் நடக்கிறதுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. பத்து வருஷமாகப் படுக்கை விரிப்பு மாற்றுகிறவளுக்கும் அதுதான்.

‘காத்திரு’ என்பதற்கு எபிரெயத்தில் ‘காவா’. அளவுநூலைக் குறிக்கிற ‘காவ்’ அதற்கு உறவுச்சொல். அந்த நூலை வைத்து, ஒற்றைப் பனைநார் அறுந்துவிடும், முறுக்கினால் தாங்கும் என்று சொல்லலாம். அதற்குமேல் அந்த ஒரு சொல்லில் முழுப் பிரசங்கத்தையும் தொங்கவிடாதீர்கள்.

சுக்குக்காப்பி:

உபவாசம் பற்றி மட்டும் சொல்கிறேன். களைத்துப்போனவர்களைப் பட்டினி போடாதீர்கள்.

1 இராஜாக்கள் 19-ஐ நிதானமாக வாசியுங்கள். வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டுத் தனியாகப் போன எலியா தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழ் “போதும்” என்று சாகக் கேட்கிறார். தூதன் கடிந்துகொள்ளவில்லை, ஜெபிக்கச் சொல்லவுமில்லை. தூக்கம், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. அதற்குப் பிறகுதான் 40 நாள் நடை. ஓரேப் மலையில்தான், “இங்கே உனக்கு என்ன காரியம்?” என்ற கேள்வி. கடைசியில் வேலையும், கூட ஓர் ஆளும் (எலிசா). இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கேள்வியை முதலிலும் அடையைக் கடைசியிலும் வைத்தால்தான் ஆட்கள் உடைந்துபோகிறார்கள். ஆகவே, ஜெபத்தில் கண் அயர்ந்தால் படுத்துத் தூங்கச் சொல்லுங்கள். பாவம் ஒன்றும் இல்லை.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், கர்ப்பிணி, பால் கொடுப்பவர், வயிற்றுப்புண் உள்ளவர், இவர்களுக்கு உபவாசம் வேண்டாம். மருந்து போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். ‘அபிஷேகம்’ (ஆவி இறங்கிவிட்டது) என்று நினைத்துச் சும்மா விட்டுவிடப் போகிறார்கள். ஆள் விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

உபவாசம் வேண்டும் என்றால் தெம்பாக இருக்கிறவர்கள் இருக்கட்டும். அவர்கள் விடுகிற மத்தியானச் சாப்பாடு தூக்குச்சட்டியில் களைத்தவர் வீட்டுக்குப் போகட்டும். ஏசாயா 58:7 கேட்கிற உபவாசம் அதுதான்.

ஊசிக்கோபுரம்:

மேலே சொன்ன ‘கூட ஓர் ஆள்’ சபையில் எப்படி நடக்கும் என்பதை எழுதுகிறேன். யாத்திராகமம் 17-இல் யுத்தம் நடக்கையில் மோசே உயர்த்திப் பிடித்திருந்த கை அசந்தபோது முதலில் ஒரு கல்லை வைத்து உட்காரவைத்தார்கள். பிறகு ஆரோனும், ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் கையைத் தாங்கினார்கள். சூரியன் அஸ்தமிக்கிறவரை.

ஒரு படுக்கையாளி வீட்டுக்கு நான்கு பேர் போதும். ஆளுக்கு வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம். போகிறவர் பேசப் போகவில்லை, மாற்றிவிடப் போகிறார். வீட்டுக்காரி தூங்கலாம், குளிக்கலாம், கோவிலுக்கு வரலாம். எங்கே போகிறாள் என்று கேட்கக்கூடாது.

போகிறவருக்கு இரண்டு விஷயமாவது தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, புரளமுடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைப்பது. இழுத்தால் தோல் உரியும், விரிப்போடு சேர்த்துத் தூக்கிப் புரட்ட வேண்டும். மற்றது, மூக்குக்குழாயில் கஞ்சி கொடுக்கும்போதும், கொடுத்து அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரையும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். குழாயில் கொடுப்பதை வீட்டாரே செய்யட்டும்.

ஜெபிக்கப் போகும் கூட்டம் தனி. மூன்று பேருக்கு மேல் வேண்டாம், கால்மணி நேரம், ஒரு சங்கீதம், சின்ன ஜெபம். அறிவுரை கூடாது. டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்ட பிறகு 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே கிடந்தார்கள். நலமாக இருக்கிறவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் ஒட்டுவதில்லை என்று கண்டுதான், நோயிலிருந்தே நோயாளிகளுக்கு எழுதினார்கள்.

வீட்டில் நற்கருணை கொடுக்க ஐயரிடம் (சபைப் போதகரிடம்) கேட்கும்போது, பார்த்துக்கொள்கிறவருக்கும் சேர்த்துக் கேளுங்கள். அவரும்தான் பல மாதமாக நற்கருணைப் பந்திக்கு வரவில்லை.

பொருநைக்கரை:

உபவாச யோசனையை விட்டுவிடுகிறோம். சாப்பாடு கொண்டுபோகப் பெயர் எழுத ஆரம்பித்தாயிற்று. ஒரு சந்தேகம் பாக்கி. ஜெபிக்க வார்த்தையே வரவில்லை என்கிறவர்களுக்கு?

களக்காட்டான்:

சங்கீதம் 13. ஆறே வசனம். முதல் இரண்டில் நாலு தடவை “எதுவரைக்கும்”, அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை. சொளவும் பீடி இலையும் மடியில் இருக்கும்போதே வாய்விட்டுச் சொல்லலாம். ஐந்தாம் வசனத்துக்கு மனசு வரவில்லையென்றால் நாலோடு நிறுத்தலாம், கட்டாயப்படுத்தாதீர்கள். சங்கீதம் 88 இருட்டிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

சுக்குக்காப்பி:

தூங்கி எழுந்தும் அசதி விடவில்லையென்றால் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்: ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. இரண்டு வாரமாக எதிலும் மனசு ஒட்டவில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. ‘செத்தால் தேவலை’ என்று யாராவது சொன்னால் தனியாக விடாதீர்கள். டெலி மனஸ் (அரசு மனநல உதவி எண்) 14416, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி, கூட்டம் நடக்கிற அறைக் கதவில் ஒட்டுங்கள்.