சின்ன ஊருக்குக் குடிபோகிறோம், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி:
நகரத்தை விட்டுக் கிராமப்புறத்தில் ஒரு சிற்றூருக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. எனக்கு வீட்டிலிருந்தே வேலை, மூன்று மாதக் கைக்குழந்தை இருக்கிறது, கூடவே இதய நோயுள்ள அப்பா. மனதில் இருக்கும் மூன்று ஊர்களும் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. எதை வைத்து முடிவெடுக்க?

பதில்:
அப்பா இருப்பதால் முதலில் மருத்துவமனை. பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும், அதனால் பக்கத்தில் ஒரு கிளினிக் இருப்பது மட்டும் போதாது. மாரடைப்பு இன்னும் அவசரம். ராத்திரியில், மழையில் அந்தச் சாலையில் நீங்களே வண்டி ஓட்டிப் பாருங்கள்.

பதில்:
குடிநீர் கிணற்றிலிருந்தா என்று கேளுங்கள். வயல் சூழ்ந்த இடங்களில் உரத்திலுள்ள நைட்ரேட் நிலத்தடி நீரில் இறங்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம், அதைத் தாண்டிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுப்பது கைக்குழந்தைக்கு ஆபத்து. காய்ச்சினாலும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும்.

பதில்:
இணையத்தை மறந்துவிடாதீர்கள். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழி இணைப்பென்றால் நீங்கள் பேசிப் பதில் வர அரை நொடி தாமதமாகும், வேலைக் கூட்டங்களில் கஷ்டம். அப்புறம், எடுத்த எடுப்பில் வீடு வாங்க வேண்டாம், ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள்.

கேட்டவர்:
நீர்ப் பரிசோதனையை வீட்டு உரிமையாளரையே செய்யச் சொல்லலாமா?

பதில்:
வேண்டாம், மாதிரியை நீங்களே எடுத்து ஆய்வகத்தில் கொடுங்கள்.