மொரிஸ் மைனர் 1000: வலப்பக்க சிக்னல் மினுங்கவில்லை

1965 கார், அப்பா ஓடியது. இடப்பக்கம் ஒழுங்காக மினுங்குகிறது, வலப்பக்கம் போட்டால் முன் லைட் மட்டும் எரிந்து அப்படியே நிற்கிறது, பின்னால் ஒன்றுமில்லை. சுவிட்சைக் கழற்ற வேண்டுமா? உடைத்துவிடுவேனோ என்று பயம்.

பதில்: சுவிட்சைத் தொடாதீர்கள் தம்பி. இடப்பக்கம் மினுங்குவதால் பிளாஷர் (லைட்டை மினுங்க வைக்கும் பாகம்) நல்லது. அது சூட்டில் இயங்குவது, இரண்டு 21 வாட் பல்பும் சேர்ந்து மின்சாரம் இழுத்தால்தான் விட்டுவிட்டு எரியும். பின் பல்பையும் ஹோல்டரையும் பாருங்கள்.

கேட்டவர்: பல்பு புதிது, ஹோல்டரையும் உப்புத்தாளால் தேய்த்தேன். மாற்றமில்லை.

இன்னொரு பதில்: சரி, டெஸ்ட் லாம்பை (வயரில் மின்சாரம் வருகிறதா என்று காட்டும் சிறு விளக்கு) எடுங்கள். வலப்பக்கத்துக்குப் பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட வயர், இடப்பக்கத்துக்குப் பச்சையில் சிவப்புக் கோடு. பின் லைட்டில் அந்த வயருக்கு மின்சாரம் வந்தால் எர்த் (லைட்டிலிருந்து கார் பாடிக்குப் போகும் இணைப்பு) பிழை, வராவிட்டால் டிக்கிக்குள் இருக்கும் புல்லட் கனெக்டரை (இரண்டு வயரைச் சேர்க்கும் செருகு இணைப்பு) இழுத்துப் பாருங்கள். அப்புறம், பழைய வயரிங் மாற்றாத காரென்றால் அது நேர்முனை எர்த் (பேட்டரியின் நேர்முனை கார் பாடியில் இணைந்தது), அதற்குப் பொருந்தாத, கடையில் கிடைக்கும் சாதாரண எலக்ட்ரானிக் பிளாஷரை வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்: கனெக்டர்தான் அண்ணை! ரப்பர் உறைக்குள் பச்சையாகக் களிம்பு, வயரில் இரண்டு இழைதான் மிச்சம். வெட்டிப் புது புல்லட் ஈயம் வைத்தேன், இப்போது இரண்டு பக்கமும் மினுங்குகிறது. மிக்க நன்றி.