எஃப்.எஸ்.ஐ.க்குத் தமிழ்ச் சொல்: தாராவித் துண்டறிக்கைக்காக

தாராவியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். மும்பை தாராவியின் மறுசீரமைப்பு பற்றிய தமிழ்த் துண்டறிக்கை ஞாயிறன்று அச்சுக்குப் போகிறது. எஃப்.எஸ்.ஐ. (Floor Space Index) என்ற இடத்தில் நிற்கிறோம். மனைப் பரப்பைப் போல எத்தனை பங்கு தளம் கட்டலாம் என்ற கணக்கு அது. 4 என்றால் ஆயிரம் சதுர அடி மனையில் நாலாயிரம் சதுர அடி தளம். வரைவில் 'கட்டட அடர்த்தி' என்று இருந்தது. படித்தவர்கள் அதை ஆள் நெரிசல் என்றே எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் வேறு. இங்கே தரையும் ஒரு மாடியுமான ரூம்கள்தான் நிறைய, ஆனால் ஆட்கள் அதிகம். அலுவலகக் கட்டடங்கள் நிறைந்த நரிமன் பாயின்ட்டில் தளம் அதிகம், குடியிருப்பவர்கள் குறைவு. கூடுதல் தளத்தில் ஒரு பங்கு, வெளியாருக்கு விற்கும் கட்டடத்துக்குப் போகும் என்பதும் மக்களுக்குத் தெரிய வேண்டும்.

மாட்டுங்காவிலிருந்து:
தமிழ்நாட்டில் 'தளப்பரப்புக் குறியீடு' வழக்கில் இருக்கிறது. ஆனால் குறியீடு என்றால் அடையாளம் என்றுதான் முதலில் படும். 'நளி என் கிளவி செறிவும் ஆகும்' என்கிறது தொல்காப்பியம். நளி பெருமையையும் குறிக்கும் என்று அந்நூலின் உரியியலே சொல்கிறது. பெரிதாவதற்கும் நெருக்கத்துக்கும் ஒரே சொல்! 'கட்டுநளி' என்று வைப்போம். நள்ளுதல் நட்புக் கொள்ளுதலும் ஆகும், நள்ளார் பகைவர். நெருங்கி வாழ்வதையே நட்பின் வேராகக் கண்ட மொழி இது.

செம்பூரிலிருந்து:
ஐயா, வேர் அழகு. தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் 'கட்டுநளி' யாருக்குப் புரியும்? மேலும் நீங்கள் இரண்டு பொருளையும் மறுபடி ஒன்றாக்குகிறீர்கள், சிக்கலே அதுதானே. மராட்டியில் 'சட்டயி க்ஷேத்ர நிர்தேசாங்க்' என்கிறார்கள். சட்டயி என்றால் பாய். நாமும் 'பாய்ப்பரப்பு எண்' என்றால் என்ன?

தாராவியிலிருந்து:
பாய் வேண்டாம். தகுதியுள்ள குடும்பத்துக்குச் சொல்லப்படும் 350 சதுர அடி கார்பெட் கணக்கு, அதாவது சுவர்களுக்கு உள்ளே இருக்கும் தரையின் அளவு. பாய் என்றதும் அதோடு குழம்பிவிடும். 'தளப்பரப்பு மடங்கு' எப்படி? 'மனையைப் போல நாலு மடங்கு தளம்' என்று வாயால் சொன்னாலே விளங்குகிறது.

மாட்டுங்காவிலிருந்து:
மும்பையின் பழைய பகுதியான தீவு நகரில் நெடுங்காலம் எஃப்.எஸ்.ஐ. 1.33 இருந்தது. அது என்ன மடங்கு?

செம்பூரிலிருந்து:
முழு எண்ணாக இல்லாவிட்டாலும் 'ஒன்றரை மடங்கு' என்றெல்லாம் சொல்வதில்லையா? அப்புறம், 'மறுசீரமைப்பு' என்பதையும் பார்க்க வேண்டும். இடித்துவிட்டுக் கட்டுவதைச் சீரமைப்பு என்றால், இருக்கிற வீட்டைப் பழுதுபார்ப்பார்கள் என்று நம்பிவிடுவார்கள். 'இடித்துக் கட்டுதல்' என்றே போடுங்கள்.

தாராவியிலிருந்து:
சரி, 'தளப்பரப்பு மடங்கு', 'இடித்துக் கட்டுதல்' இரண்டையும் போடுகிறோம். மடங்குக்குப் பக்கத்தில் எஃப்.எஸ்.ஐ. என்றும் இருக்கும், அலுவலகத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

மாட்டுங்காவிலிருந்து:
துண்டறிக்கைக்குச் சம்மதம். நம் கலைச்சொல் பட்டியலில் மடங்கை ஏற்க மாட்டேன். அங்கே 'தளப்பரப்பு விகிதம்' வேண்டும் என்ற என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.