மனநல மருத்துவரிடம் வர மறுக்கும் 15 வயது மகன்

என் மகனுக்கு 15 வயது. ஏழு வாரமாக ஆளே மாறிவிட்டான். வளரும் வயதின் முரண்டா, மனச்சோர்வா என்று எனக்குப் பிடிபடவில்லை.

முதலில் தூக்கம் கெட்டது; இரவு 3 மணி வரை விழித்திருக்கிறான், காலையில் எழுப்பவே முடியவில்லை. அப்புறம் சாப்பாடு குறைந்து எடை 4 கிலோ இறங்கியது. உயிராக இருந்த கால்பந்தைத் தொடுவதில்லை. அழுவதில்லை, எரிந்து விழுகிறான். (பதின்வயதில் மனச்சோர்வு எரிச்சலாகவும் வெளிப்படும் என்று படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.) மதிப்பெண் சரிந்தது கூடப் பெரிதாகப் படவில்லை, நண்பர்கள் கூப்பிட்டால் போனை எடுக்காததுதான் உறுத்துகிறது.

இரவில் போனை வாங்கி வைத்துப் பார்த்தேன், சண்டைதான் மிச்சம். குடும்ப மருத்துவர் ரத்தசோகை, தைராய்டு இரண்டுக்கும் பரிசோதித்தார், எல்லாம் சரி. பள்ளியில் கேலி, மிரட்டல் எதுவும் இல்லையாம். சாகும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்டேன். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது என்று மருத்துவர் கொடுத்த தைரியம். "இல்லை" என்றான்.

மனநல மருத்துவர் என்றாலே "நான் என்ன பைத்தியமா?" என்று கதவைச் சாத்திக்கொள்கிறான். இப்படி மறுத்த பிள்ளையை முதல் தடவை என்ன சொல்லி அழைத்துப்போனீர்கள்?