ஒல்லிப் புத்தகங்களோடு ஒரு மாதம்

ஜன்னலோர இருக்கை:

நான் பெரிய வாசகன் இல்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் புத்தகம், இல்லையென்றால் வேடிக்கை. போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர், "தடிமனாக எதையும் தொடாதே, ஒல்லியாகப் பார்" என்று தன் அலமாரியிலிருந்து சில நாவல்களை எடுத்துக் கொடுத்தார். மாதம் முழுக்க அவைதான் ஓடின.

முதலில் பூமணியின் 'வெக்கை'. 'அசுரன்' பார்த்தவன் என்பதால், கதைதான் தெரியுமே என்ற தெனாவட்டோடு ஆரம்பித்தேன். படம் 2019, புத்தகம் 1982. அப்பாவின் இளமைக் காலம் என்று படத்தில் வருகிற பெரிய பகுதி புத்தகத்தில் கிடையாது. கையை வெட்டப்போன பதினைந்து வயதுச் சிதம்பரம் ஆளையே கொன்றுவிடுகிறான். ஆரம்பத்திலேயே அது முடிந்துவிடுகிறது. அப்புறம் அப்பனும் மகனும் கரிசல் காட்டில் ஒளிந்து திரிவதுதான் முழுப் புத்தகமும். துரத்தல் வரும், சண்டை வரும் என்று நான் காத்திருந்தேன். அவர்களோ எங்கே படுக்கலாம், சாப்பிட என்ன கிடைக்கும், எந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்காது என்று பேசிக்கொண்டே போகிறார்கள். கொலை செய்தவனை ஒரு வீட்டுப் பிள்ளையாகப் பார்க்க ஆரம்பித்தது அந்தச் சோற்றுப் பேச்சுகளில்தான். கடைசியில் கோர்ட்டுக்குக் கிளம்புகிறார்கள், புத்தகம் முடிந்துவிட்டது! என்ன தண்டனை, வீட்டுக்காரர்கள் என்ன ஆனார்கள், எதுவும் இல்லை. பக்கம் ஏதும் கிழிந்துவிட்டதா என்று தைத்த இடத்தைப் பிரித்துப் பார்த்தேன்.

அடுத்தது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. ஜமுனா, அவள் தங்கை சாயா, அதே தெருவில் ஒரு டீச்சரம்மா. குடத்தோடு அலைவது, தோண்டிப் போட்ட தெரு, குழாயில் சாக்கடை கலந்து வருவது. 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜமுனா உடைந்துபோயிருக்கும் ஒரு சமயத்தில் டீச்சரம்மா தன் கல்யாணக் கதையைச் சொல்கிறாள். பதினைந்து வயதில் கட்டிக்கொடுத்தது, நோயாளிப் புருஷன், மாமியார். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. மளிகைக் கணக்கு ஒப்பிப்பதுபோல ஒப்பிக்கிறாள். இந்த மாதம் படித்ததில் எனக்கு உச்சம் அந்த இடம்தான்.

அவருடைய '18வது அட்சக்கோடு' முதல் பாதி மந்தம், சொல்லிவிடுகிறேன். 1948இல் ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த நேரம். செகந்திராபாத்தில் கிரிக்கெட்டும் கல்லூரியுமாகத் திரிகிற சந்திரசேகரன். ரஜாக்கர்கள் என்ற நிஜாம் ஆதரவு ஆயுதக் கும்பல், ஊரடங்கு, கலவரம் எல்லாம் அவன் சைக்கிளில் போகும்போது பக்கவாட்டில் தெரிவதோடு சரி. எப்போதடா விஷயத்துக்கு வருவார் என்று எனக்கு அலுத்தே போயிற்று. ஆனால் கடைசிக் காட்சிக்கு வரும்போது அந்த மந்தம் ஏன் என்று புரிந்தது. காட்சியைச் சொல்லமாட்டேன். இங்கேயும் பையன் ஓடுகிறான், புத்தகம் நின்றுவிடுகிறது.

நடுவில் எழுநூறு பக்கத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பு நாவலையும் எடுத்தேன். பாட்டன் பூட்டன் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளவே தனி நோட்டு வேண்டும். மரியாதையாக மூடி வைத்துவிட்டேன்.

இப்படிச் சட்டென்று நிறுத்தும் நாவல்கள் எனக்குக் கோபமும் தருகின்றன, மனதை விட்டும் போக மறுக்கின்றன. உங்களுக்கு எப்படி?

கோவில்பட்டிக்காரன்:

அண்ணே, 'வெக்கை' எங்கள் பக்கத்துக் காடு. வெயிலோடு படித்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஒல்லிப் புத்தகம்தான் வேண்டுமென்றால் கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' எடுங்கள், 1976இல் வந்தது. தெலுங்கு தேசத்திலிருந்து தெற்கே ஓடிவந்து காட்டைத் திருத்தி ஊர் கட்டியவர்கள் கதை. எங்கள் வீட்டிலும் தெலுங்குதான். கண் தெரியாமல் போன எங்கள் அவ்வாவுக்கு நான் வாசித்துக் காட்டினேன். ஒரு கர்ப்பிணியின் நகைக்காகத் திருடன் அவளைத் தண்ணீருக்குள் அமுக்கிக் கொல்கிறான். அவள் சாகும்போது அவன் கால் பெருவிரலைக் கடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்த இடம் வந்ததும் அவ்வா கேட்ட முதல் கேள்வி, "அவன் எந்த ஊர்க்காரன்?" தெரியாது என்றேன். "அதுகூடக் கேட்காமல் என்ன கதை படிக்கிறாய்" என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது. அப்புறம் அவர்களுடைய பெரியவர்கள் ஆற்றைத் தாண்டி வந்த கதையை அவ்வா ஆரம்பித்தார். அன்றைக்குப் புத்தகம் நகரவில்லை.

அதனால் முடிவு இல்லை என்று நீங்கள் சொல்வது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. எங்கள் வீட்டுக் கதை எதற்குமே முடிவு கிடையாது.

பைண்டு வால்யூம்:

தடிமனான புத்தகத்தைத் தொடாதே என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், மன்னிக்கணும். 'பொன்னியின் செல்வன்' கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. என் பாட்டி அதைக் கிழித்துச் சேர்த்து, ஓவியர் மணியத்தின் படங்களோடு பைண்டு செய்து வைத்திருந்தார். போன மாதம் நான் படித்தது அந்தத் தொகுப்பைத்தான். நடுவே சில வாரங்கள் காணோம். யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லையாம், பாட்டி அந்த வீட்டோடு பல வருஷம் பேசவில்லை என்று அம்மா சொல்கிறார். மூன்றரை வருஷம் வியாழன் வெள்ளி என்று காத்திருந்து படித்தவர்களுக்குத் தடிமன் தெரிந்திருக்குமா? ஒரே மூச்சில் விழுங்கப் பார்ப்பதால்தான் நமக்குப் பாரமாக இருக்கிறது. வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வருகிற முதல் அத்தியாயத்தைப் பஸ்ஸில் படித்துப் பாருங்கள். நிறுத்தத்தைத் தவறவிடுவீர்கள்.

அந்த எழுநூறு பக்கத்தையும் திறந்து பாருங்கள் சார். தினம் ஒரு அத்தியாயம் போதும்.

பினாங்கிலிருந்து:

யாரும் ப.சிங்காரத்தைச் சொல்லவில்லையே. 'புயலிலே ஒரு தோணி', 1972இல் அச்சானது. மனுஷன் எழுதியதே இரண்டு நாவல்தான். இந்தோனேசியாவில் இருக்கிற மேடானில் வேலை பார்த்துவிட்டு, பிறகு மதுரையில் பத்திரிகையில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் மேடானுக்குள் நுழைவதில் கதை தொடங்குகிறது. வெட்டிய தலைகளை மேசையில் வரிசையாக வைத்திருக்கும் காட்சியை வெகு சாதாரணமாக எழுதிக்கொண்டு போகிறார். கதாநாயகன் பாண்டியன் தொங்கான் என்ற மரக்கலத்தில் ஏறி பினாங்குக்கு வரும்போது நடுக்கடலில் அடிக்கிற புயலை நான் இரவில் படித்தேன். என் தாத்தாவும் அந்தச் சண்டைக் காலத்தில் இங்கே இருந்தவர். ஜப்பான்காரன் காலம் என்று பேச்செடுத்தால் மரவள்ளிக்கிழங்கு தின்றதைச் சொல்வார், மற்றதைச் சொல்லமாட்டார். நாவலில் குடித்துவிட்டுத் தமிழர் பெருமையைக் கிண்டலடிக்கும் பேச்சுகளைப் படித்தபோது இங்கே எங்கள் கூட்டத்திலும் இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று தோன்றியது. சிலருக்கு அந்தப் பகுதி கசக்கும். எனக்குச் சிரித்து வயிறு வலித்தது.

ஜன்னலோர இருக்கை:

பைண்டு வால்யூம் அம்மா, குதிரை இருக்கட்டும், எங்கள் பஸ்ஸில் வீராணம் குழாய் உடைந்த சேதிதான் வரும். கோவில்பட்டி தம்பி, 'கோபல்ல கிராமம்' நண்பரின் அலமாரியில் இருக்கிறது, இன்றே கேட்கிறேன். பினாங்குக்காரரே, சிங்காரம் எத்தனை பக்கம்? இருநூறைத் தாண்டினால் இப்போதே சொல்லிவிடுங்கள்.