கப்பலிலேயே ஒரு செமஸ்டர் படிப்பாமா? பெருந்துறையிலிருந்து சில சந்தேகங்கள்

தறிமேடை_பெருந்துறை:

வணக்கமுங்க. தங்கச்சி அமெரிக்காவுல ரெண்டாம் வருசம் படிக்கிறா, எஃப்-1ங்கற மாணவர் விசா. அடுத்த ஆகஸ்ட்டுல ஐரோப்பாவுல கப்பல் ஏறி, ஆப்பிரிக்கா, இந்தியான்னு பத்துப் பன்னெண்டு நாடு சுத்திக்கிட்டே ஒரு செமஸ்டர் படிக்கறேங்கறா. "செமஸ்டர் அட் சீ"ன்னு பேரு. அப்பாரு "ஊரு சுத்தறதுக்குக் காலேஜ் பீசா? இதெல்லாம் ஏமாத்து"ன்னு ஒரே புடியா நிக்கறாரு. எனக்குத் தெரிய வேண்டியது: இது நெசமாலுமே படிப்புத்தானுங்களா? நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா வேலை எவ்வளவு? பணம் எப்படி அனுப்பறது? கறி முட்டை தொடாத புள்ள, கடல்ல தாக்குப் புடிப்பாளா? கப்பல் கொச்சிக்கு வருதாம், அப்ப வீட்டுக்கு வந்துட்டுப் போக முடியுமா?

நொய்யல்கரை:

படிப்புத்தானுங்க. அப்பாருகிட்ட இது புதுசா மொளைச்ச கம்பெனி இல்லைன்னு மொதல்ல சொல்லுங்க. 1926லயே ஐந்நூறு மாணவர்களை ஏத்திக்கிட்டு ரின்டாம்ங்கற கப்பல் நியூயார்க் பக்கமிருந்து உலகம் சுத்துச்சு. இப்ப நடக்கறதோட வேர் 1963ல ஆரம்பிச்ச கடற்பயணத்துல இருக்குது. நடத்தறது லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பு. மார்க்குச் சான்றிதழ் குடுக்கறது ஒரு பல்கலைக்கழகம். பிட்ஸ்பர்க், வர்ஜீனியா, 2016லிருந்து கொலராடோ ஸ்டேட்னு அது மாறிக்கிட்டு வந்திருக்குது. அதனால தங்கச்சி போற பயணத்துக்குச் சான்றிதழ் எந்தப் பேர்ல வரும்னு எழுத்துல வாங்கிக்கோணும். அவ காலேஜ்ல கேக்கற மொத கேள்வியே அதுதான்.

கப்பல் பேரு எம்வி வேர்ல்டு ஒடிசி. 1998ல ஜெர்மனியோட கீல் நகரத்துல கட்டினது, 175 மீட்டர் நீளம். பயணம் நூறு நாளுக்குக் கொஞ்சம் மேல. 12லிருந்து 15 கிரெடிட் எடுக்கலாம். கடல்ல போற நாள்ல வகுப்பு, ஏ நாள் பி நாள்னு மாத்தி மாத்தி வரும். ஞாயித்துக்கிழமையெல்லாம் கணக்குல கிடையாது. துறைமுகத்துல நிக்கற நாள்ல வகுப்பு இல்லை. ஆனா ஒவ்வொரு பாடத்துக்கும் ஏதாவது ஒரு துறைமுகத்துல ஒரு முழு நாள் களப்பாடம் உண்டு. பாட நேரத்துல அஞ்சுல ஒரு பங்கு அதுக்குப் போகுது. அதைத் தவற விட்டுட்டு ஊர் பாக்கப் போனா மார்க்கு சரியும். கொச்சியில களப்பாடம் வர்ற பாடத்தை எடுத்தாளுன்னா அந்த ஒரு நாள் வீட்டுக்கு வர முடியாது. பாடம் பதியும்போதே இதைப் பாத்துக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, நம்மூர்ல கப்பல் படிப்புன்னாலே மெர்ச்சன்ட் நேவின்னு நெனச்சுக்கறாங்க. சிடிசி, ஐஎன்டிஓஎஸ் நம்பர், எஸ்டிசிடபிள்யூ கோர்ஸ் எல்லாம் கப்பல்ல வேலை பாக்கறவங்களுக்கு. இவ பயணி. பாஸ்போர்ட்டும் விசாவும் போதும். அந்தப் பேரைச் சொல்லிப் பணம் கேக்கற ஏஜென்ட் யாராச்சும் வந்தா வாசலோட அனுப்பிருங்க.

இந்தியாவுல இன்ஜினியரிங் படிக்கற பசங்களும் இதைப் படிச்சுட்டு ஆசைப்படுவாங்க. அண்ணா பல்கலைக்கழகத்துக் கீழ படிச்சா இந்தக் கிரெடிட் தானா ஏறாது. பிரேக் ஆஃப் ஸ்டடி, அதாவது படிப்பை நடுவுல நிறுத்தி வெக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போகோணும், ஒரு வருசம் பின்னாடி போயிரும்.

வாளையார்_கணவாய்:

விசாவுக்கு நான் சொல்றேனுங்க. கூடப் படிக்கற அமெரிக்கப் பசங்களுக்கு ரெண்டு மூணு விசாவுல முடிஞ்சிரும். நம்ம பாஸ்போர்ட்டுக்கு அப்படி இல்லை. இந்தப் பயணத்துல பாதிப் பேர் சறுக்கறது இங்கதான், கடல்ல இல்லை.

மொதல்ல பாஸ்போர்ட். 36 பக்கம் வெச்சிருந்தா, காலிப் பக்கம் எண்ணிப் பாருங்க. பத்து நாட்டு முத்திரையும் ஒட்டுற விசாவும் சேந்தா பத்தாது. புதுப்பிக்கறப்ப 60 பக்கம் கேக்கலாம், சாதாரணமா 1500 ரூபாய்னா அதுக்கு 2000. விசா வாங்கறதுக்கு முன்னாடி பண்ணோணும். பாதி விசா வாங்கின பின்னாடி பாஸ்போர்ட்டை மாத்தினா இன்னொரு கூத்து.

ஷெங்கன், அதாவது ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேத்துக் குடுக்கற ஒரே விசா: மல்டிபிள் என்ட்ரி (பல தடவை நுழையற அனுமதி) கட்டாயம். கப்பல் ஜெர்மனியில ஏறி போர்ச்சுகல்ல நின்னு மொராக்கோ போய்த் திரும்ப ஸ்பெயின் வந்துச்சுன்னா, ரெண்டாவது தடவை நுழையறதாத்தான் கணக்கு. சிங்கிள் என்ட்ரி வாங்கினவங்களை ஸ்பெயின்ல எறங்க விடமாட்டாங்க, மத்தவங்க ஊர் சுத்தறதைக் கப்பல் மேல்தளத்துல நின்னு வேடிக்கை பாக்கோணும். பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியிலிருந்து விண்ணப்பம் போடலாம். அவ அமெரிக்காவுல குடியிருக்கறதால அங்கயே போடோணும். லீவுக்குப் பெருந்துறை வர்றப்ப சென்னையில போட்டுக்கலாம்னு தள்ளி வெக்காதீங்க. பாஸ்போர்ட் ஒரு தூதரகத்துல கெடக்கறப்ப இன்னொண்ணுக்குக் குடுக்க முடியாதில்ல? காலெண்டர்ல வரிசை போட்டுத்தான் செய்யோணும்.

விசா எப்பலிருந்து செல்லும்னு பாருங்க. ஜப்பானோட சிங்கிள் என்ட்ரி விசா குடுத்த நாள்லிருந்து 3 மாசம்தான். கப்பல் கடைசியா ஜப்பான் போகுதுன்னா, ஏறறதுக்கு முன்னாடி வாங்கினது அங்க சேர்றதுக்குள்ள காலாவதி ஆயிரும். அப்படி வழித்தடம் இருந்தா, என்ன பண்றதுன்னு கப்பல் அமைப்பையே கேட்டுக்கோணும். அதே மாதிரி இ-விசான்னா எந்தெந்த நுழைவிடம்னு பட்டியல் இருக்கும். விமான நிலையம் மட்டும் இருந்து துறைமுகம் இல்லைன்னா அந்தக் காகிதம் வீண்.

மஞ்சக்காய்ச்சல் ஊசியை மறந்துறாதீங்க. கானா, கென்யா மாதிரி நாட்டுல எறங்கிட்டு இந்தியாவுக்குள்ள வர்றப்ப ஊசி போட்டதுக்குச் சான்றாக் குடுக்கற மஞ்சப் புத்தகத்தைக் கேப்பாங்க. இந்தியக் குடிமக்களுக்கும் விலக்கு கிடையாது. இல்லைன்னா தனிமைப்படுத்தி வெச்சிருவாங்க. ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் செல்லுபடி, அப்பறம் ஆயுசுக்கும் போதும். முட்டை ஒவ்வாமை இருந்தா டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லிரோணும். ஊர்ல போடறதா இருந்தா சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க.

கடைசியா எஃப்-1. ஜனங்க கண்டுக்காம விடறது இதைத்தான். அமெரிக்காவை விட்டு அஞ்சு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா அந்த ஸ்டேட்டஸ் போயிரும், காலேஜ் அவளை வெளிநாட்டுப் படிப்புல முழுநேர மாணவியாக் கணக்குல வெச்சிருந்தா ஒழிய. மே மாசம் ஊருக்கு வந்துட்டு, ஆகஸ்ட்டுல கப்பல் ஏறி, ஜனவரியில அமெரிக்கா திரும்பினா எட்டு மாசமாச்சுங்க! காலேஜ்ல வெளிநாட்டு மாணவர்களைப் பாத்துக்கற அதிகாரி, டிஎஸ்ஓகிட்ட எழுதி வாங்கோணும், காலேஜ் குடுத்த ஐ-20ங்கற மாணவர் சான்றுல பயணக் கையெழுத்து வாங்கோணும், திரும்பற தேதிக்கு விசா முத்திரை உயிரோட இருக்கான்னு பாக்கோணும்.

மஞ்சமண்டி_ஈரோடு:

பணத்துக்கு வர்றனுங்க. கட்டணம் முப்பதாயிரம் டாலரைத் தாண்டும். படிப்பு, அறை, சாப்பாடு அதுல அடக்கம். விமான டிக்கெட், விசாச் செலவு, காப்பீடு, துறைமுகத்துல சுத்தற செலவு எல்லாம் எச்சா.

அப்பாரு இந்தியாவுலிருந்து அனுப்பறதா இருந்தா பேங்க்ல ஏ2ங்கற, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பற படிவம் குடுப்பாங்க. அதுல நோக்கக் குறியீடு எஸ்0305, அதாவது கல்விக்கான பயணம்னு போடச் சொல்லுங்க. "கப்பல்"ங்கற வார்த்தையைப் பாத்ததும் கவுண்டர்ல இருக்கறவங்க வெளிநாட்டு டூர் பேக்கேஜ்னு எழுதிருவாங்க. அப்படி எழுதினா மொத ரூபாயிலிருந்தே டிசிஎஸ்ங்கற வரியைப் பேங்க்லயே முன்கூட்டிப் புடிப்பாங்க. கல்வின்னா வருசத்துக்கு 10 லட்சம் வரைக்கும் புடிப்பு இல்லை, அதுக்கு மேல போற தொகைக்கு மட்டும்தான். கல்விக்கடன் வாங்கி அனுப்பினா 2025 ஏப்ரலுக்கு அப்பறம் டிசிஎஸ்ஸே இல்லை. புடிச்ச காசு வருமான வரிக் கணக்குல கழியும், ஆனா அதுவரைக்கும் தூங்குமில்ல. சேர்க்கைக் கடிதம், கட்டண ரசீது, ரெண்டையும் அச்செடுத்துக் கையில கொண்டு போங்க. அந்த வருசம் அவளுக்கு ஏற்கனவே காலேஜ் பீஸ் அனுப்பியிருந்தா அதுவும் அந்த 10 லட்சத்துக்குள்ளதான் சேரும்.

நம்மூர் பேங்க் கார்டுக்கு ஓடிபி வேணும். நடுக்கடல்ல செல்போனை ஏரோபிளேன் மோடுல போட்டுரச் சொல்லுங்க. கப்பலோட சொந்த டவர் ஒண்ணு இருக்கும், நாட்டுக்கான ரோமிங் பேக் அதுல செல்லாது, பில்லு எகிறிரும். அமெரிக்கக் கார்டு ரெண்டு, வேற வேற பேங்க்கோடது, தனித்தனிப் பையில.

கொள்ளுப்பொடி:

கடல் சீக்குப் பத்தி. அது சீக்கே இல்லீங்க, காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பு "ஆடறே"ங்குது, கண்ணு அறைச் செவுத்தைப் பாத்து "ஆடலையே"ங்குது. அந்தச் சண்டையிலதான் கொமட்டல். அதனாலதான் மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பாத்தா அடங்குது, அறைக்குள்ள குனிஞ்சு லேப்டாப்பைப் பாத்தா அதிகமாகுது. பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு மூணு நாள்ல ஒடம்பு பழகிரும்.

அறை கேக்கறப்ப நடுவுல, கீழ்த்தளத்துல கேளுங்க. பசங்க ஏறி எறங்கி ஆடற சீசாப் பலகை மாதிரித்தான், நடுவுல ஒக்காந்தவனுக்கு ஆட்டம் கம்மி. மூக்குப் பக்கமும் உச்சித் தளமும்தான் தூக்கித் தூக்கிப் போடும். ஜன்னல் வெச்ச அறைக்குக் காசு எச்சு. ஆட்டத்துக்கும் ஜன்னலுக்கும் சம்பந்தமில்லை.

மாத்திரையை வாந்தி வந்த பின்னாடி போட்டுப் பிரயோசனமில்லை, கப்பல் கிளம்பறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போடோணும். அவோமின் போட்டா நல்லாத் தூக்கம் வரும், வகுப்பு நாள்ல ஆகாது. ஸ்டுஜெரான்ல இருக்கற சின்னரிசின் அமெரிக்காவுல கிடைக்காது, அங்க மெக்லிசின்தான். எது ஒத்துக்குதுன்னு டாக்டரைக் கேட்டு மொதல்லயே ஒரு நாள் போட்டுப் பாத்துக்கறது நல்லது. வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. வறண்ட பிஸ்கட், இஞ்சி மொரப்பா போதும். கோடீன், சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மருந்தை ஊர்லிருந்து அனுப்பி வெக்காதீங்க, ஜப்பான்ல வம்பாயிரும்.

சைவச் சாப்பாடு கிடைக்கும். ஆனா பாஸ்தா, உருளைக்கிழங்கு, சாலட்னு அதே சுத்துலதான் வரும். சீல் வெச்ச பாக்கெட்டுல பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, ஊறுகாய் சின்னதா நாலஞ்சு குடுத்து விடுங்க. அதையெல்லாம் கப்பலுக்குள்ளயே வெச்சுக்கோணும், கரைக்கு எடுத்துட்டுப் போனா பல நாட்டுல கஸ்டம்ஸ்ல பிடுங்கிருவாங்க, விதையும் பழமும் சொல்லவே வேண்டாம். கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம். நடுக்கடல்ல தீயைவிடப் பெரிய பயம் கெடையாது, பெட்டிச் சோதனையிலயே எடுத்து வெச்சுக்குவாங்க. ஏறின உடனே ஒத்திகை நடக்கும்: ஏழு சின்னச் சங்கு, ஒரு நீளச் சங்கு கேட்டா உயிர்காப்பு உடுப்போட சொன்ன இடத்துல நிக்கோணும். அதைத் தட்டிக் கழிக்க முடியாது.

தறிமேடை_பெருந்துறை:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அப்பாருகிட்ட 1926 சங்கதியைச் சொன்னேன், கொஞ்சம் எறங்கி வந்திருக்கறாரு. ஆனா அம்மா "கொச்சி வரைக்கும் வந்துட்டு வீட்டுக்கு வராமப் போறதா?"ன்னு கேக்கறாங்க. இல்லைன்னா நாங்க எல்லாரும் போயிக் கப்பலுக்குள்ள ஏறிப் பாக்கலாமுங்களா?

நொய்யல்கரை:

தாராளமா வரலாமுங்க, ஒரே ரோடுதானே. என்எச் 544 உங்க ஊரைத் தொட்டுக்கிட்டுப் போயி, அவிநாசி, கோயமுத்தூர், வாளையார், பாலக்காடு, குதிரான் சுரங்கம், திருச்சூர் வழியா நேரா எறக்கி விடுது. 270 கிலோமீட்டர் பக்கம், ஆறு மணி நேரம். இந்தியப் பாஸ்போர்ட்டுங்கறதால விசாவும் வேண்டாம், கப்பல்லயே குடியேற்றச் சோதனை முடிஞ்சதும் எறங்கிக்கலாம். கப்பல் ஒரு துறைமுகத்துல நாலஞ்சு நாள் நிக்கறது வழக்கம்.

வாளையார்_கணவாய்:

வரலாம், ஆனா திரும்பறதைப் பத்தி நொய்யல்கரை அண்ணன் ஒண்ணும் சொல்லலையே. கப்பல் ராத்திரி 8 மணிக்குக் கிளம்புதுன்னா, ஏற வேண்டிய கெடு பொதுவா சாயங்காலம் 6 மணி. லேட்டானா அடுத்த துறைமுகத்துல மத்தவங்க எறங்கின பின்னாடியும் உள்ளயே ஒக்கார வெச்சுருவாங்க. கப்பலே போயிருச்சுன்னா அடுத்த நாட்டுக்குச் சொந்தக் காசுல பறக்கோணும். அப்பப் பாஸ்போர்ட் கப்பல் ஆபீஸ்ல இருந்தா, துறைமுக ஏஜென்ட் மூலமா வாங்கற வரைக்கும் நகர முடியாது.

திருச்சூர்லிருந்து அங்கமாலி வரைக்கும் ரோடு அடைச்சா ரெண்டு மணி நேரம் எங்க போச்சுன்னே தெரியாது. அன்னிக்குன்னு பாத்துக் கேரளாவுல ஹர்த்தால்னா முடிஞ்சுது. அதனால கிளம்பற நாள் காலையில பெருந்துறையிலிருந்து பொறப்படறது ஆகாத வேலை. மொதநாள் மத்தியானமே ஈரோட்டுல ரயில் ஏத்தி எர்ணாகுளம் கொண்டு போயி, ராத்திரி அங்கயே தங்க வெச்சுருங்க. வீட்டுல ரெண்டு ராத்திரிக்கு மேல கணக்குப் போடாதீங்க.

கப்பலுக்குள்ள ஏறிப் பாக்கறதெல்லாம் நடக்காதுங்க. 2004லிருந்து கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் ஐஎஸ்பிஎஸ்னு ஒரு சர்வதேசப் பாதுகாப்பு விதி, பேர்ப் பட்டியல்ல இல்லாதவங்களைக் கப்பல் நிக்கற வார்ஃப் கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. கொச்சித் துறைமுகம் இருக்கற வில்லிங்டன் தீவுல கேட்டுக்கு வெளிய நிக்கோணும். ஒறம்பரை முழுசையும் வேன்ல ஏத்திக்கிட்டுப் போகாம, அம்மாவும் நீங்களும் போனாப் போதும்.

தறிமேடை_பெருந்துறை:

சரிங்க. அப்ப மொதல்ல பாஸ்போர்ட்டுல எத்தனை பக்கம் காலியா இருக்குதுன்னு இன்னிக்கு ராத்திரியே கேட்டுறனுங்க.