தரச்சான்றுப் பணியில் செவிலியருக்குக் கிடைப்பது உயர்வா, எழுத்து வேலையா?

கேள்வி – மார்த்தாண்டம், தனியார் மருத்துவமனைச் செவிலியர்:
எங்கள் மருத்துவமனை என்.ஏ.பி.எச். (மருத்துவமனைகளுக்கான தேசியத் தரச்சான்று வாரியம்) தரச்சான்றுக்கு ஆயத்தமாகத் தொடங்கியதிலிருந்து, தவறி விழும் அபாயம், படுக்கைப்புண், கைச் சுத்தம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் சேர்ந்துகொண்டே வருகிறது. இரவுப் பணியில் 32 நோயாளிகளுக்கு இரண்டு பேர் என்பது மட்டும் மாறவில்லை. இது எங்கள் தொழிலை உயர்த்துகிறதா, எங்களை எழுத்தர்களாக்குகிறதா?

பதில் 1 – தக்கலை, ஓய்வுபெற்ற அரசு செவிலியர்:
சிஸ்டர், இரண்டும் நடக்கும். பிரசவ அறைகளுக்காக 2017 இறுதியில் மத்திய அரசு லக்ஷ்யா என்ற தர மேம்பாட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது நானும் உங்களைப் போலவே சலித்துக்கொண்டேன். ஆனால் பிரசவ வலியின் முன்னேற்றத்தை நேரவாரியாக வரையும் பார்ட்டோகிராஃப் தாளை அவ்வப்போதே ஒழுங்காக நிரப்பினால், கருப்பை வாய் விரிவது மணிக்கு ஒரு செ.மீ.க்குக் குறைந்து நாம் வரையும் கோடு தாளில் உள்ள எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டுவது கண்ணுக்குத் தெரியும். முன்பெல்லாம் "எனக்கு ஏதோ சரியாகப் படவில்லை, டாக்டர்" என்று தயங்கித் தயங்கிச் சொன்ன செவிலியர், இப்போது தாளைக் காட்டி உடனே வரும்படி அழைக்கலாம். பிரசவம் முடிந்த பிறகு உட்கார்ந்து வரையப்படும் பார்ட்டோகிராஃபுக்கு அந்த வலு கிடையாது. அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதில் 2 – நாகர்கோவில், வளைகுடாவில் பணியாற்றித் திரும்பியவர்:
அங்கே இன்சுலின், ஹெபாரின் (இரத்தம் உறைவதைத் தடுப்பது) போன்ற, அளவு தவறினால் ஆபத்தான மருந்துகளை இரண்டு செவிலியர்கள் தனித்தனியே சரிபார்த்த பிறகே கொடுப்போம். இங்கே ஊர் திரும்பி நான் சேர்ந்த மருத்துவமனையிலும் அதே விதி எழுதப்பட்டிருந்தது. ஆனால் இரவில் இரண்டாமவர் அடுத்த வார்டில் இருப்பார், விடியற்காலையில் வந்து கையொப்பம் மட்டும் இடுவார். ஆள் கொடுக்காமல் விதியை மட்டும் கொடுத்தால், செவிலியர் பொய் எழுதப் பழகுகிறார். தவறைத் தானே முன்வந்து பதிவு செய்தவருக்கு மெமோ கொடுக்கும் வழக்கமும் இருந்தால், மறுநாளிலிருந்து பதிவேடு வெறுமையாகவே இருக்கும், தணிக்கைக்கு வருபவர் அதைப் பாராட்டிவிட்டும் போவார்.

பதில் 3 – ஆசாரிப்பள்ளம், தரப் பிரிவில் பணிபுரியும் செவிலியர்:
படிவங்களை வடிவமைக்கும் குழுவில் வார்டு செவிலியர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரே நோயாளியின் நீர் உட்கொள்ளல் அளவு எத்தனை இடங்களில் எழுதப்படுகிறது என்பதை ஒரு வாரம் குறித்து வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கோடு பேசினால் நிர்வாகம் காதுகொடுக்கும்.

கேள்வி கேட்டவர்:
நேற்றிரவே எண்ணினேன், அக்கா, மூன்று இடங்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் மூன்று தாள்களையும் மேசையில் வைக்கப்போகிறேன்.